இடது வரிசையில் நான்காவது மரம்

எங்கள் குடியிருப்பில் என்னை யாருக்கும் பிடிக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வியன்னாவில் ஒரு நகராட்சிக் குடியிருப்பின் காவல்காரியை எல்லோருக்கும் பிடித்துப்போனால் அவள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். படிக்கட்டு கழுவுவது, பனி தள்ளுவது, சாவிகளை வைத்திருப்பது, யார் குடிவந்தாலும் காலிசெய்தாலும் பதிவுத்தாளில் கையெழுத்துப் போடுவது எல்லாம் என் வேலை. ஆனால் இங்கிருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் எனக்கு ஒரே வேலைதான் என்பார்கள். புல்லில் யாராவது கால் வைத்தால் விசில் ஊதுவது.

விசில் என் அம்மாவுடையது. வேலையும் அவளுடையதுதான். 1971-இல் அவள் போன பிறகு இரண்டும் என்னிடம் வந்தன.

நாலு பக்கமும் ஐந்து மாடிச் சுவர், நடுவில் முற்றம். முற்றத்தின் நடுவே நீள்சதுரமாகப் புல்தரை, சுற்றி முழங்கால் உயரத்துக்கு வேலிச்செடி, அதைச் சுற்றிச் சரளைப் பாதை, ஓரத்தில் 'புல்லில் நடக்காதீர்' என்று ஒரு பலகை. புல்தரையின் இரண்டு ஓரத்திலும் வரிசைக்கு ஆறு லிண்டன் மரங்கள், 1927-இல் கட்டடத்தோடு சேர்த்து நட்டவை. ஜூனில் பூத்தால் ஐந்தாவது மாடி வரை வாசனை ஏறும். தேனீக்கள் வரும். தேனீ கொட்டிவிட்டது என்று புகார் சொல்ல ஆட்கள் என்னிடம் வருவார்கள். வரிசைக்கு ஆறு என்றேனே, அது வரைபடக் கணக்கு. வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஐந்து. இடது வரிசையில் நான்காவது மரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புல்தான்.

அந்த வெறும் புல்லுக்காகத்தான் 1986 அக்டோபரில் எஞ்சினியர் லக்னர் அம்மா என் கதவைத் தட்டினார். நகராட்சித் தோட்டத் துறைக்காரர், நாற்பது வயதுப் பெண்மணி, காலணியெல்லாம் மண். பழைய முற்றங்களை முதலில் வரைந்தபடியே மீட்டெடுக்கிறார்களாம். என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தார். நான் காபி வைத்தேன். என் வீட்டில் பால் கிடையாது, வெறும் கறுப்புக் காபிதான். முகம் சுளிக்காமல் குடித்தார்.

"பாருங்க ஷ்ராமெக் அம்மா, எவ்வளவு யோசிச்சு வரைஞ்சிருக்காங்க! வாசல்ல நுழைஞ்சதும் ரெண்டு வரிசை மரமும் கண்ணைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போகணும். புல்லை எதுக்கு ஒரு முழம் பள்ளமா இறக்கியிருக்காங்க தெரியுமா? எந்த ஜன்னல்லேருந்து பார்த்தாலும் பச்சை முழுசாத் தெரியணும்னு."

"தெரியும். மழை பெஞ்சா தண்ணியும் முழுசா நிக்கும்."

அவர் சிரித்தார். இடது வரிசையின் நடுவே விரலை வைத்தார். "இங்க ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு. பன்னெண்டாவதையும் வர்ற வசந்தத்துல நட்டுடலாம்."

"அங்க கேஸ் குழாய் போகுது."

"உங்கம்மாவும் அதையேதான் சொல்லியிருக்காங்க. 1953-ல மரம் நட வந்தவங்க ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்க, காவல்காரி சொல்படி கேஸ் குழாய் இருக்கு, நடலைன்னு. நான் கேஸ் ஆபீஸ்லயே கேட்டுட்டேன். இந்த முற்றத்துல குழாயே கிடையாதாம்."

"அப்போ எங்கம்மா பொய் சொன்னாங்கன்றீங்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லலீங்க. தப்பாத் தெரிஞ்சிருக்கும்."

அம்மாவுக்கு எதுவும் தப்பாகத் தெரிந்ததில்லை. அங்கே கீழே என் தம்பி இருந்தான்.

1945 ஏப்ரலில் ரஷ்யப் படை நகருக்குள் வந்த வாரம், ஒரு குண்டு நான்காவது லிண்டனை வேரோடு பிய்த்து எறிந்தது. அந்த இடத்தில் ஆள் உயரக் குழி. அதே வாரம் எங்கள் முற்றத்தில் ஐந்து பேர் செத்தார்கள். மயானத்துக்குக் கொண்டுபோக வண்டியும் இல்லை, வழியும் இல்லை. வலப்பக்கப் புல்லில் புதைத்து மரச்சிலுவை நட்டார்கள். ஊர் முழுக்க அப்போது அப்படித்தான், பூங்காக்களில்கூட ஆட்கள் கிடந்தார்கள். சண்டை ஓய்ந்து பத்து நாள் கழித்து என் தம்பி ஃபெர்டி செத்தான். மூன்று நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். அவனுக்கு ஏழு மாதம். எனக்கு ஒன்பது வயது. போர்முனையிலிருந்து அப்பா கடைசியாக விடுப்பில் வந்துபோனபோது உண்டான பிள்ளை அவன். அப்பாவும் திரும்பி வரவில்லை.

அம்மா அழுதாளா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சமையலறை அலமாரியில் மூன்று இழுப்பறைகள் உண்டு. நடு இழுப்பறையை உருவினாள். கரண்டிகளை மேசைமேல் கொட்டினாள். அவனைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. அப்போது பட்டப்பகல். குண்டுக்குழிகளை மூடுவது காவல்காரியின் வேலை, அவளும் மூடினாள். முதலில் மண், அதன்மேல் இடிந்த செங்கல், மறுபடி மண். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாடி ஜன்னல்களிலிருந்து யாராவது பார்த்திருந்தால், ஓர் இழுப்பறை நிறையக் குப்பையைத்தான் பார்த்திருப்பார்கள்.

மற்ற ஐந்து பேருக்கும் வைத்த சிலுவையை அவனுக்கு ஏன் வைக்கவில்லை என்றால், ரேஷன் அட்டை. கைக்குழந்தைக்குத் தனி அட்டை இருந்தது, அந்த அட்டைக்கு மட்டும்தான் பால். சாவைச் சொன்னால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே பக்கத்து வீடுகளுக்கு அவன் ஆட்னாங் கிராமத்தில் பெரியம்மாவிடம் இருந்தான். ரேஷன் ஆபீசுக்கு இங்கேயே தொட்டிலில் இருந்தான். பால் எனக்கு வந்தது. சாயங்காலமானால் அம்மா கோப்பையை நீட்டி, "குடி" என்பாள். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரு வருடத்துக்கும் மேலாகக் குடித்தேன். எலும்பும் தோலுமாகத் திரிந்த பிள்ளைகளுக்கு நடுவே எனக்கு மட்டும் கன்னத்தில் சதை வைத்தது.

1946-இல் நகராட்சி வண்டி வந்தது. பட்டியலில் பெயர் பார்த்து ஐந்து பேரையும் தோண்டி எடுத்து மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறாவது பெயர் பட்டியலில் இல்லை. அம்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள், சொல்லவில்லை. 1950-இல் அவனைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தது. அம்மா ஒரு பதிவுத்தாளை எடுத்து, ஃபெர்டினாண்ட் ஷ்ராமெக் ஆட்னாங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக எழுதினாள். தாய் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, காவல்காரி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, இரண்டும் அவளுடையது. முத்திரை விழுந்தது. அந்த வாரம்தான் அவள் விசில் வாங்கினாள்.

லக்னர் அம்மாவிடம் இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. "உங்க இஷ்டம். நட்டுக்கோங்க" என்று கோப்பையைக் கழுவப் போனேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் அவன் பெயரில்லாத எலும்பாக வெளியே வருவான், ஏதோ ஒரு பெட்டியில் எண் போட்டு வைத்துவிடுவார்கள். திறந்தால் என் அம்மா செத்த பிள்ளையின் பேரில் பால் வாங்கினவள், நான் அதைக் குடித்தவள். ஒரு முடிவும் எடுக்காமல் பனி தள்ளினேன். வருத்தமாக இருந்ததா என்றால் இல்லை. பயமா, அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது. தொட்டால் இருப்பது தெரிகிறது, நம்முடையது என்று தெரிவதில்லை.

மார்ச்சில் முதல் வெயில் அடித்த அன்று நாலாவது படிக்கட்டுப் பக்கம் குடியிருக்கும் உஷி குழந்தையையும் ஒரு போர்வையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். கணவன் என்று யாரும் இல்லை.

"கொஞ்ச நேரம் இவளைப் புல்லுல விட்டுக்கறேங்க. இப்பத்தான் தவழப் பழகறா. சரளைல முட்டி கிழிஞ்சிடுது."

"பலகைல என்ன எழுதியிருக்கு?"

"டன்யாவுக்கு ஏழு மாசம்தாங்க ஆகுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது."

"உனக்குத் தெரியுமில்ல?"

மூன்றாவது மாடி ஜன்னலில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல் பிவோன்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர். எழுந்தது முதல் இருட்டும் வரை அவருக்கு அதுதான் வேலை.

"அதுகிட்ட ஏம்மா மாரடிக்கிற, உஷி? அதுக்கு ஆத்தாகாரியே தேவலை. அவ விசிலாவது ராகமா ஊதுவா!"

உஷி போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏழு மாதம் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் தோண்ட வந்தார்கள். லக்னர் அம்மா, இரண்டு வேலையாட்கள், மண் தோண்டும் சிறிய யந்திரம் ஒன்று. மரத்துக்கு மரம் கயிறு பிடித்து அளந்து நான்காவது இடத்தில் முளை அடித்தார்கள். நான் வாளியும் துடைப்பமுமாகப் படிக்கட்டு கழுவப் போய்க்கொண்டிருந்தேன். யந்திரத்தைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போய் முன்னால் நின்றேன்.

"யந்திரம் வேணாம். கையால தோண்டுங்க."

இரண்டு பேரில் மூத்தவன் பெயர் லொய்ஸ். "ஏங்க, புல்லுக்கு வலிக்குமா?" என்றான்.

"கீழ என் தம்பி இருக்கான்."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் யந்திரத்தை அணைத்தான்.

லக்னர் அம்மா கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார். "கேஸ் குழாய்…" என்றார் மெதுவாக.

"ஆமா. அதான் கேஸ் குழாய்."

போலீஸ் வந்தது. ஒரு டாக்டர் வந்தார். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டு ஜன்னல்களும் திறந்தன. லொய்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிறிய மண்வாரியால் தோண்டினான். செங்கல் வந்தது. அதற்குக் கீழே கறுத்த பலகைத் துண்டுகள். அப்புறம் டாக்டர் அவனை நகரச் சொல்லித் தானே குனிந்தார். எல்லாம் ஒரு தட்டில் அடங்கிவிட்டது. "எனக்குக் காட்டியிருந்தா கோழி எலும்புன்னு தூக்கிப் போட்டிருப்பேங்க, மன்னிச்சுக்கோங்க" என்றான் லொய்ஸ். உண்மையைத்தானே சொன்னான் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்ணிலிருந்து ஒரு பீங்கான் குமிழும் கிடைத்தது. வெள்ளைக் குமிழ், ஓரத்தில் நீலக் கோடு. போலீஸ்காரர் அதை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தார். அலமாரியில் மேலேயும் கீழேயும் இழுப்பறை, நடுவில் நாற்பத்திரண்டு வருடமாக ஒரு துணித்திரை. மற்ற இரண்டு குமிழ்களோடும் வைத்துப் பார்த்தார். அதே நீலக் கோடு. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்தில்தான் கேட்டார்கள். கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் பழைய அட்டைகளைப் புரட்டினான்.

"ஃபெர்டினாண்ட் ஷ்ராமெக் 1950 ஆகஸ்ட்ல ஆட்னாங்குக்குப் போயிட்டாரே? இங்க குடியில்லாதவருக்கு நாங்க எப்படி மரணப் பதிவு போட முடியும்?"

"அவன் எங்கயும் போகலை."

"முத்திரை இருக்கே."

ஆட்னாங்குக்குப் போன் போட்டுப் பேசினான். "அங்க வந்து சேரலையாம்."

"முப்பத்தேழு வருஷமா ரயில்லயே உக்காந்திருக்கானோ என்னமோ."

அவன் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து விதி பார்த்தான். "முதல்ல அவர் மறுபடி இங்க குடிவந்ததாப் பதியணும். அப்புறம்தான் இறந்தவராப் பதிய முடியும். குடியிருப்புக் காவல்காரி கையெழுத்து வேணும்."

"நான்தான் காவல்காரி."

"நல்லதாப் போச்சு."

தாளை நீட்டினான். பெயர் எழுதினேன். பிறந்த தேதி எழுதினேன். முகவரி என்ற இடத்தில் 'முற்றம்' என்று எழுதினேன். "அதெல்லாம் செல்லாதுங்க. படிக்கட்டு எண், கதவு எண் வேணும்" என்றான். அடித்துவிட்டு, படிக்கட்டு ஒன்று, கதவு ஒன்று என்று எழுதினேன். அது என் வீடு. கையெழுத்துப் போட்டேன். அவன் முத்திரை குத்தினான். அடுத்த படிவத்தைத் தேடிப் பக்கத்து அறைக்குப் போனவன் திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் குடியிருந்தோம். வந்ததும் இன்னொரு தாளில் முத்திரை குத்தினான். மறுபடி நான் ஒருத்தி.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க" என்றேன். "அவன் செத்த பிறகும் எங்கம்மா குழந்தை அட்டைக்குப் பால் வாங்கினாங்க. அதைக் குடிச்சது நான்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இழுப்பறையைத் திறந்துகூடப் பார்த்தான், பாவம்.

"அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லீங்க" என்றான்.

அம்மாவின் கல்லறையிலேயே அவனையும் வைத்தோம். லக்னர் அம்மா வந்தார், லொய்ஸ் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நான் அழுவேன் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாவது படிக்கட்டைக் கழுவினேன். மறுவாரம் மரம் வந்தது. வேரைச் சாக்கில் கட்டியிருந்தார்கள், என்னைவிட இரண்டு மடங்கு உயரம். குழியில் இறக்கி, இரு பக்கமும் கழி நட்டுக் கட்டினார்கள். "இப்ப வரிசை சரியா இருக்கு" என்றார் லக்னர் அம்மா. சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு குடியிருப்பில் என்னிடம் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். விசில் அலமாரியில் கிடந்தது. காவல் காக்க அங்கே இனி ஒன்றும் இல்லை. ஆனால் புல்லில் ஒருவரும் கால் வைக்கவில்லை. பிள்ளைகள் சரளைப் பாதையிலேயே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பந்து உள்ளே விழுந்தால் நின்று என் ஜன்னலைப் பார்த்தார்கள். இரண்டு தலைமுறையாக ஊதின ஊதல் நன்றாகவே பதிந்துபோயிருந்தது.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய பதினொரு மரங்களும் பூத்திருந்தன, புதிது பூக்கவில்லை. உஷி பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

"உஷி, குழந்தையைப் புல்லுல விடு."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்குங்க? மேல எழுதிப்போட்டு எனக்கு நோட்டீஸ் வாங்கித் தரப் போறீங்களா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வேலிச்செடியைத் தாண்டினேன். கையில் வாளியோ துடைப்பமோ இல்லாமல் அந்தப் புல்லில் நான் கால் வைத்தது அன்றுதான். நடுவே போய்ப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்காரும்போது முழங்கால் வலித்தது.

"யாரது புல்லுல!" மூன்றாவது மாடியிலிருந்து பிவோன்காவின் குரல் நாலு சுவரிலும் இடித்தது. "பலகைல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது?"

"தெரியும் பிவோன்கா சார்! கொஞ்சம் வாயை மூடுங்க!"

உஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து குழந்தையை இறக்கி விட்டாள். டன்யாவுக்கு அப்போது பத்து மாதம். புல்லைக் கையால் தட்டிப் பார்த்தாள், பிய்த்து வாயில் வைத்தாள், துப்பினாள். அப்புறம் விறுவிறுவென்று தவழ்ந்து நேராகப் புது மரத்துக்குப் போனாள். கழியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஃபெர்டி எழுந்து நின்றதில்லை. அவன் தவழக்கூட இல்லை.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று உஷி எதையோ என் கையில் திணித்துவிட்டுக் குழந்தையின் பின்னால் ஓடினாள். பார்த்தால் பால் புட்டி. இளஞ்சூடாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். டன்யா அதைப் பார்த்துவிட்டாள். கழியை விட்டாள், தொப்பென்று உட்கார்ந்தாள், தவழ்ந்து என்னிடம் வந்தாள். மடியில் ஏறி, என் கையோடு சேர்த்துப் புட்டியைப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தாள். உஷி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். "இருக்கட்டும்" என்றேன். கடைசிச் சொட்டு வரை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய்கூட வீணாகவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தமாக, அசிங்கமாக, அத்தனை ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி அழுதேன்.

"ஹெர்மி!" பிவோன்கா தலையணையைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "என்னாச்சு ஹெர்மி?"

"தேனீ கொட்டிடுச்சு" என்றேன்.